ஐஸ் கம்பெனிப் படத்தில் விழாத ஏகாம்பரம்

பாழடைந்த தொழிற்சாலைகளைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்கிறவனுக்கு முதல் தேவை கேமரா இல்லை, சாவி வைத்திருப்பவரின் தயவு. செல்போன் காலத்திலும் ஃபிலிம் சுருளைக் கட்டிக்கொண்டு அழுகிற என் இனத்தாருக்கு இது தெரியும். பழவேற்காடு ஏரிக்கரையில் நான் பட்டதையும் கேளுங்கள்.

சாவிக்காரர்

தோணிரேவு பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி மூடிக் கிடக்கிறது. சாவி ஏகாம்பரத்திடம் இருந்தது. கடலுக்குப் போகிறவர், பழைய வலைகளை உள்ளே போட்டு வைக்கிறார். அவர் பூட்டைத் திறந்தபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே போனதும் முதுகு சில்லிட்டது. ஐஸ் உறையவைத்த தொட்டிகளை மரப்பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகைக்கு அடியில் ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. மெஷின் நின்று பல வருஷமாகியும் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது.

எனக்கானால் ஒரே கொண்டாட்டம். ஏகாம்பரம் வாசலைத் தாண்டவில்லை. “இதுல இன்னா சார் கீது? நாங்களே வலைய கடாசிட்டு திரும்பிப் பாக்காம வந்துருவோம்.”

நாலு நிமிஷம்

அந்த இருட்டில் படம் விழ, கேமரா நாலு நிமிஷம் திறந்தே இருக்க வேண்டும். அசையாத சுவர் பதியும், நடமாடுகிற ஆள் பதிய மாட்டார். நமக்கு இது அரிச்சுவடி. அதை அவரிடம் சொல்லாமல் விட்டது என் முட்டாள்தனம். படம் என்றதும் ஏகாம்பரத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. உள்ளே வந்து பலகை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், வலையை உதறினார், சிரிக்கக்கூடச் செய்தார்.

அடுத்த வாரம் பிரிண்டை அவர் மனைவி தேசம்மாவிடம் கொடுத்தேன். தொட்டி, சங்கிலி, உப்புப் பூத்த சுவர் எல்லாம் துல்லியம். ஆளைக் காணோம். தேசம்மாவின் அண்ணன் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அந்த அம்மா படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “எங்க அண்ணனத்தான் கடலு எடுத்துக்கிச்சி. இவர நீ எங்க சார் வெச்ச?”

கழுத்துக்கு மேல்

வீட்டில் பெண்டாட்டியை அழவைத்துவிட்டு வருகிறவனை அங்கே படகில் ஏற்ற மாட்டார்கள். ஏகாம்பரம் கரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அசைந்தால் பதியாது என்று விளக்கினேன், எடுபடவில்லை. அவர் விழுந்த படம் வந்தால்தான் அனுப்புவேன் என்று தேசம்மா ஒரே பிடியாக நின்றார். மறுபடியும் கம்பெனிக்குப் போய், கவிழ்த்த தகரப் பெட்டிமேல் அவரை உட்காரவைத்து, அசையாதீங்க என்றேன். இரண்டாவது நிமிஷம் பலகைக்கு அடியிலிருந்து ஏதோ தட்டிற்று. என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் தலை ஓரிடத்தில் நிற்கவில்லை.

வீட்டுக் குளியலறையில் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டேன். சட்டை, லுங்கி, கால்விரல் எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேல் சுவர். மறுபடி அங்கே போனபோது பையில் மறைத்துத்தான் வைத்திருந்தேன், ஏகாம்பரம் துழாவி எடுத்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். “அவகிட்ட காட்டிடாத சார். இனிமே நானே கண்ணாடி பாக்க மாட்டேன்.”

அச்சாக ஏகாம்பரம்

மூன்றாம் முறை தலையைத் தூணில் சாய்த்து, பின்னால் துண்டை மடித்து முட்டுக்கொடுத்தேன். அடியில் மறுபடியும் தட்டிற்று. மனுஷன் ஆடவில்லை. பிரிண்டில் மீசை முடியை எண்ணலாம். பெருமையோடு கொண்டுபோனேன்.

தேசம்மா பார்த்தார். “உசுரோட கீறவன் இப்டி குந்தினு இருப்பானா சார்? பொணத்த சாத்தி வெச்ச மாரி கீது” என்று சொல்லிப் படத்தை நாலாகக் கிழித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார். “ஆடிக்கினு கீறவன் படத்துல வுழ மாட்டான்னா, நீ வுழவே வாணாம். போ, கடலுக்குப் போ.”

கரை

மறுநாள் விடியுமுன் அவர் போய்விட்டார். எதையும் நம்பாத நான் பொன்னேரி பஸ்ஸை விட்டுவிட்டுக் கரையில் நின்றேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன, அவருடையது வரவில்லை. பயந்துபோனேன். என் படப் பைத்தியத்தால் ஒரு குடும்பம் கெட்டதோ என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற தேசம்மா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு கடைசியாக வந்தது அந்தப் படகு. இடுப்பளவு தண்ணீரில் குதித்து வந்த ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா சார், பேயறஞ்ச மாரி நிக்கற? பஸ்ஸ வுட்டுட்டியா?”

ஆக, எடுத்த படத்தில் ஆள் விழவில்லை என்றால் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற ஒரே புகைப்படக்காரன் நானாகத்தான் இருப்பேன்.