ஒன்வேயில் நடந்தவர்

எங்கள் தெருவில் வேன்காரர் நடந்து யாரும் பார்த்ததில்லை. தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்கவும் வேனைத்தான் கிளப்புவார். கேட்டால், "வண்டி சூடாகணும்ல" என்பார். கால்கள் கிளட்சை மிதிக்கவும் பிரேக்கை மிதிக்கவும் கொடுக்கப்பட்டவை என்பது அவர் எண்ணம். தொப்பை ஸ்டியரிங்கைத் தொட ஆரம்பித்தபோது சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாரே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் கூட்டிவருவதுதான் அவர் தொழில். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் வேன் மாமா. அவரவருக்கு ஒரு சீட்டு. சீட்டை வைத்தே பெயரும் போட்டிருந்தார். முன்னால் உட்காரும் வாயாடிப் பெண் 'ஜன்னல்'. பின்னால் தூங்கிக்கொண்டே வரும் குண்டுப் பையன் 'கடைசி சீட்டு'. சண்டை போடாமல் ஏறினால் டாஷ்போர்டு டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு மிட்டாய் உண்டு. வாரக் கடைசியில் வேனைக் கழுவும்போது சீட்டுகளுக்கு அடியில் காரட், பீன்ஸ், கடித்துவிட்டு எறிந்த ஆப்பிள் என்று ஒரு கூடை தேறும். எந்தப் பிள்ளை எதைக் கொட்டுகிறது என்று அவருக்குத் தெரியும். எந்தத் தாயிடமும் சொன்னதில்லை.

அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் மனைவியின் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். காலையும் மாலையும் வேனுக்குள் கேட்கிற கூச்சல்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

அந்தக் கூச்சலுக்குத்தான் பல் டாக்டரம்மா வேட்டு வைத்தார்.

டாக்டரம்மாவின் கிளினிக் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடம். தெருக்காரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சமூகக் கூடத்தில் கூட்டி வைத்துச் சொன்னார்.

"உங்க பிள்ளைங்க மாடி ஏறி வந்ததும் பேசவே முடியல. பல்லைப் பாக்க வாயைத் திறக்கச் சொன்னா, மூச்சு வாங்கத் திறக்குதுங்க. பல்லும் பாதி சொத்தை. ஸ்கூல் என்ன, காட்டுக்கு அந்தாண்டையா இருக்கு? கடைத்தெரு வழியா நேரா நடந்தா வந்துடுது. இனி நடக்கட்டும். தினம் ஒரு அப்பா, ஒரு அம்மா கூடப் போங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ ஒருவர், "அப்ப வேன்?" என்றார். வேன்காரர் வாசல் கதவில் சாய்ந்து கைகட்டி நின்றிருந்தார். அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா மட்டும் நேரே அவரிடம் வந்தார். "உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லண்ணா. அந்த மிட்டாய் டப்பா மேலதான்."

"டப்பாவைத் தூக்கிப் போட்டுடறேன் மேடம்."

"டப்பா போனா நடை வந்துடுமா?"

வேன்காரர் வீட்டுக்குப் போக வேனைக் கிளப்பினார்.

மனைவிக்கு மட்டும் இதில் பெரிய வருத்தம் தெரியவில்லை. "நல்லதாப் போச்சு. என் தம்பி காய்கறி மார்க்கெட்டுக்கு வண்டி கேட்டுட்டே இருக்கான். காலையில லோடு ஏத்திக் கடைகடையா இறக்கணும். நீங்களே ஓட்டுங்க. பிள்ளைங்களை ஏத்தறதுக்குப் பதிலா முட்டைக்கோஸ்."

"முட்டைக்கோஸ் பேசாதுல்ல."

"அதான் நல்லது. இடுப்புல கிள்ளிட்டான்னு புகார் பண்ணாது."

மச்சான் வாரக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தான். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வானாம். லோடு ஏற்றும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்றே. பிள்ளைகள் மறுபடி வேனுக்கு வந்தாலும், ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும்.

இதற்கிடையில் நடைப்படை தள்ளாட ஆரம்பித்தது. ஒரு அப்பா போனில் பேசிக்கொண்டே பிள்ளைகளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். பள்ளி வாசலில்தான் திரும்பிப் பார்த்தாராம். ஒரு அம்மாவுக்கு இரண்டாம் நாளே முழங்கால் பிடித்துக்கொண்டது. இன்னொரு அப்பா கடைத்தெரு பேக்கரியில் நிறுத்தி ஆளுக்கு ஒரு கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். "பாவம், நடந்து வந்துருக்குங்க, களைப்பா இருக்குமில்ல" என்றார். அன்றிலிருந்து பேக்கரி வந்ததும் பிள்ளைகள் தாமாகவே நின்றார்கள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு வேன்காரர் வீட்டுப் படியேறினார்.

"இந்த ஊரு அப்பா அம்மாங்களை நம்பிப் பிரயோஜனம் இல்ல. நேரம் தவறாத ஆளு நீங்க ஒருத்தர்தான். சம்பளம் பேசிக்கலாம். நீங்க கூட்டிட்டுப் போங்க."

"வேன்லயா?"

"நடந்து."

தையல் மெஷின் நின்றது. "இவரா?" என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. "அம்மா, இவரு பாத்ரூமுக்குப் போறதுக்கே வண்டி கேப்பாரு."

"நடப்பேன்" என்றார் வேன்காரர். சிரிப்பு கேட்டதால்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

டாக்டரம்மா ஒளிக்கவில்லை. பாதிப் பெற்றோருக்கு இதில் சம்மதமில்லை, அந்த மனிதரே மாடிப்படியில் மூச்சு வாங்குகிறாரே என்று கேட்கிறார்கள் என்றார். அதனால் நாளைக்கு ஒரு நாள் பார்ப்பது, பிடித்தால் தொடர்வது என்று முடிவாயிற்று. அவர் போனதும் மனைவி, "தம்பிக்கு என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"நாளைக்குச் சாயந்திரம் சொல்லு."

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். பழக்கதோஷத்தில் கையில் வேன் சாவி. பிள்ளைகளும் சொல்லாமலே வேனில் உட்காரும் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் முன்னால், கடைசி சீட்டு கடைசியில்.

"மாமா, மிட்டாய்?"

"தடை விதிச்சுட்டாங்கம்மா. நட."

தெருமுனை வந்தது. வலப்பக்கம் கடைத்தெரு. வேன்காரர் கையை இடப்பக்கம் நீட்டிச் சைகை காட்டிவிட்டு இடப்பக்கமே திரும்பினார். கடைத்தெரு ஒருவழிப் பாதை. பள்ளிப் பக்கமிருந்துதான் வண்டிகள் வரலாம். அதனால் வேன் எப்போதும் பின்பக்கச் சாலையில் ஒரு பெரிய சுற்று சுற்றித்தான் போகும். இத்தனை வருஷமாக அவர் கால் அறிந்த வழி அது ஒன்றுதான்.

"மாமா, நேத்து அந்தப் பக்கமில்ல போனோம்" என்றது ஜன்னல்.

"அது ஒன்வே. எதிர்ல போனா போலீஸ் பிடிப்பான்."

ஜன்னலுக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லோரும் இடப்பக்கம் போனார்கள்.

வேனில் போகும்போது அந்தச் சாலை ஒரு கொட்டாவிக்குள் முடிந்துவிடும். நடக்கும்போது முடியவே இல்லை. தச்சுப் பட்டறையில் நின்று மரச்சுருள் பொறுக்கினார்கள். கார் கழுவும் இடத்தில் ஓடிய தண்ணீரைத் தாண்டினார்கள். தாண்டத் தெரியாத கடைசி சீட்டை இரண்டு பேர் இழுத்துத் தாண்ட வைத்தார்கள். மேட்டில் வேன்காரருக்கு மூச்சு முட்டியது. "இஞ்சின் சூடாயிடுச்சு" என்று பூங்காவின் குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

"பசிக்குது மாமா" என்றான் கடைசி சீட்டு. அவன் தூங்காமல் வந்து அவர் பார்த்தது அன்றுதான்.

பேக்கரி இல்லை, மிட்டாய்க் கடை இல்லை. அந்தச் சாலையில் வாங்கித் தின்ன ஒன்றுமே இல்லை. டிபன் டப்பாக்கள் திறந்தன. காரட் நறுக்நறுக்கென்று போயிற்று. ஜன்னல் தன் பீன்ஸைத் தின்றுவிட்டுப் பக்கத்து டப்பாவை எட்டிப் பார்த்தது. "ஏய், என்னோடது" என்று ஒருத்தி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பீன்ஸுக்குச் சண்டை வந்து வேன்காரர் பார்த்ததே இல்லை. குனிந்து சுவருக்கு அடியில் பார்த்தார். ஒரு துண்டுகூடக் கிடக்கவில்லை.

அப்போது தூரத்தில் பள்ளி மணி அடித்தது.

ஓடினார்கள். அவரும் ஓடினார். சட்டை பிதுங்க, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். வாசலில் கேட் சாத்தியிருந்தது. டாக்டரம்மாவும் நாலைந்து பெற்றோரும் கவலையோடு நின்றிருந்தார்கள். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே கேட்டைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விட்டார்.

"எங்க போயிட்டீங்க? கடைத்தெரு முழுக்கத் தேடிட்டோம்."

"பின்பக்கமா வந்தோம் மேடம். கடைத்தெரு ஒன்வேயாச்சே."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நடக்கறவங்களுக்கு ஏதுங்க ஒன்வே?" என்று மெதுவாகக் கேட்டார் கிரீம் பன் அப்பா. கேட்ட பிறகுதான் வேன்காரருக்கு உறைத்தது. அவர்கள் சிரித்ததுகூடப் பெரிதில்லை. தாமதமாக வந்துவிட்டோம் என்பதுதான் அவரைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார். "தம்பிகிட்ட சொல்லிடு. நாளையிலேருந்து நான் லோடு அடிக்கறேன்." நடந்ததைச் சொன்னார். மனைவி இம்முறை சிரிக்கவில்லை. "சாயந்திரம்னு தானே சொன்னீங்க? சாயந்திரம் ஆகட்டும்" என்று மெஷினை மிதித்தாள்.

சாயந்திரம் டாக்டரம்மா வந்தார். கையில் போன், அது அடித்துக்கொண்டே இருந்தது.

"ஸ்கூல் விட்டதுலேருந்து அம்மாங்க போன்தான். டப்பா எல்லாம் காலி. நக்கி வச்ச மாதிரி இருக்காம். மத்தியானமும் பசிச்சு, ஸ்கூல்ல கொடுத்த பழத்தை வரிசையில நின்னு வாங்கித் தின்னிருக்குங்க. நாளைக்குக் கடைத்தெரு வழியாப் போகலாம்னா, உங்க ஜன்னல் மாட்டேங்குது. போலீஸ் பிடிக்குமாம்."

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னோடதுதான் மேடம். நேர் வழியாவே கூட்டிட்டுப் போறவங்களா பாத்து..."

"நேர் வழியில பேக்கரி இருக்கேண்ணா. உங்க வழியில இல்லையே. அந்தச் சுத்துலயே போங்க. ஆனா அரை மணி முன்னாடி கிளம்பணும். லேட்டாச்சுன்னா என்னைத்தான் பிடிப்பாங்க."

"லேட்டாகாது" என்றார் வேன்காரர் சட்டென்று. "மேட்டுல கொஞ்சம் நிக்கணும். அவ்வளவுதான்."

டாக்டரம்மா படியிறங்கும்போதே மனைவி தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"வண்டி வந்து எடுத்துக்கோ. பார்த்து ஓட்டு, ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனா டிரைவரை நீதான் தேடிக்கணும்." அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து வீங்கிய பாதங்களை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார், வாயெல்லாம் பல்.

"இல்லடா, அவரு வரமாட்டாரு. அவருக்குக் காலையில வேலை கிடைச்சிருக்கு."