வாயிலை வைக்காத தண்டையல்

எங்கடை அத்தான் அன்புராசாவை நல்ல மனிசன் எண்டு ஆரும் புகழ்ந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன். நல்லவர்தான், இல்லையெண்டேல்லை. ஆனால் முன்னூறு பேருக்கு முன்னாலை எனக்கு அவர் செய்த வேலை இருக்கே!

ரொறன்ரோவிலை வெக்ஸ்போர்ட் பக்கம் வீடு. பகலிலை பேக்கரி ஒண்டுக்கு வான் ஓடுவார். மிச்ச நேரம் பேஸ்மென்டிலை வைன் போடுவார். என்ரை அக்கா ஜோசப்பின் முந்திரிகைப்பழம், அதுதான் திராட்சை, நசிப்பா, மகள் ஷரோன் போத்தில் கழுவுவாள், தம்பிக்காரன் மாக்கஸ், அதாவது நான், ருசி பாப்பன். இதுதான் எங்கடை குடும்பக் கொம்பனி. போத்தில் லேபலிலை இரட்டைப் பாய்மரக் கப்பல், கீழை 'தண்டையல் வைன்' எண்டு கொட்டை எழுத்து.

தண்டையல் எண்டது கப்பலை நடத்துற ஆள். அத்தான்ரை பூட்டன் ஊர்காவற்றுறையிலை இருந்து பர்மாவுக்குக் கப்பல் விட்ட தண்டையலாம். ஒருக்கால் மாதா கோயிலுக்கெண்டு ஏத்தின வைன் பீப்பா கடலிலை ஆடி ஆடி வந்து, இறக்கேக்கை தேன் மாதிரி இருந்ததாம். பூசைக்கு முதலே சுவாமியார் அரைவாசியை முடிச்சிட்டாராம். இந்தக் கதையை நம்பித்தான் 93இலை அத்தான் பீப்பா வாங்கினார்.

ரொறன்ரோவிலை கடலுக்கு எங்கை போறது? வானுக்குள்ளை பாண் தட்டுகளுக்குப் பின்னாலை பீப்பாவைக் கட்டி வைச்சுக்கொண்டு ஓடித் திரிஞ்சார். றோட்டிலை குழி கண்டால் மற்றவை விலத்திப் போவினம். இவர் தேடிப் போய் இறக்குவார்.

அதோடை விட்டாரோ? அவையின்ரை பரம்பரையிலை ஒரு சட்டம் இருந்ததாம். கப்பல் கரை சேருமட்டும் தண்டையல் ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது.

"ஷரோன்ரை கலியாணம்தான் எனக்குக் கரை. அதுமட்டும் நான் வாயிலை வைக்கமாட்டன். நீதான் பாத்துச் சொல்ல வேணும்" எண்டார். அக்கா குடிக்கிறேல்லை. ஷரோனுக்கு வைன் மணமே தலையிடி. கலியாணத்துக்கு முதல் ஒரு போத்திலும் வெளியாலை போகக்கூடாதெண்டும் கட்டளை.

முதல் கிளாசை வாயிலை வைச்சன். ஐயோ மாதாவே! தனி வினாகிரி. காது வரைக்கும் புளிச்சுது. அத்தான் றிசல்ட்டுக்குக் காத்து நிக்கிறவன் மாதிரி என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார். என்னையறியாமல் "அருமை அத்தான்" எண்டிட்டன். மனிசன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதே போட்டார். பிறகு எந்த வாயாலை உண்மையைச் சொல்லுறது? அடுத்த வருசம் "போன முறையைவிடத் திறம்" எண்டன். மூண்டாம் வருசம் ஒருபடி மேலை போய், "பழ வாசம் தூக்குது" எண்டும் அளந்தன்.

96 ஓகஸ்டிலை ஷரோனுக்குக் கலியாணம் பொருந்தியிட்டுது. "முன்னூறு பேருக்கும் எங்கடை வைன்தான்" எண்டு அத்தான் காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சார். எனக்குச் சோறு இறங்கேல்லை. மாப்பிள்ளை பகுதி வாயிலை வைச்சுத் துப்பினால் அந்த மனிசன்ரை மானம் என்னாலை போகும். நான் பொய் சொன்னது தெரிஞ்சால் என்னோடை பிறகு கதைப்பாரோ? அதுதான் எனக்குப் பெரிய பயம்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கேக்கை, வாறது வரட்டும் எண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினன்.

"அத்தான், உது வைன் இல்லை. வினாகிரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

லேபல் ஒட்டிக்கொண்டிருந்த கை நிண்டுது. "மூண்டு வருசமுமோ?"

"ஓம்."

"பழ வாசம்?"

"அதுவும் புளுகு, அத்தான்."

பசை டப்பாவை மூடினார். "சரி, மேலை போய்ச் சாப்பிடு" எண்டார். அவ்வளவுதான். ரெண்டு அறை தந்திருந்தாலும் நிம்மதியாய் இருந்திருக்கும்.

கலியாண ஹோலுக்குள்ளை கால் வைச்சால், மேசைக்கு மேசை கப்பல் லேபல்! மாப்பிள்ளையின்ரை சித்தப்பா இராஜரட்ணம் அங்கிள் ஒரு மிடறு குடிச்சார். நான் கண்ணை மூடியிட்டன். "திறம் சாமான்!" எண்டு அவர் இன்னொரு கிளாஸ் கேட்டார்.

ஓடிப் போய் அக்காவைப் பிடிச்சன்.

"கடை வைனடா. பத்து நாளாய் நானும் அவரும் குந்தியிருந்து எங்கடை போத்திலுக்குள்ளை மாத்தினது. வாயைத் திறந்தியோ, கொண்டுபோடுவன்" எண்டா.

அப்பாடா எண்டு இருக்கேல்லை, அத்தான் மைக்கைப் பிடிச்சார். "இந்த வைனை முதல் வருசத்திலை இருந்து ருசி பாத்தது எங்கடை மாக்கஸ். அவன் சொன்ன சொல்லிலைதான் நான் விடாமல் போட்டனான். அவன் குடிச்சுச் சொல்லட்டும்!"

கோட்டுக்குள்ளை இருந்து வேறையொரு போத்திலை எடுத்தார். கிளாஸ் நிரம்ப முதலே அதே வினாகிரி மணம் மூக்கிலை அடிச்சுது. வீடியோக்காரன்ரை லைட் என்ரை முகத்திலை. முன்னூறு பேர் பாத்துக்கொண்டு நிக்கினம். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு முழுக்கக் குடிச்சன்.

"எப்பிடி?" எண்டு மைக்கை நீட்டினார்.

"அருமை, அத்தான்."

ஹோலே கைதட்டிச்சுது. அத்தான் அதே போத்திலிலை தனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி ஒரே மூச்சிலை விழுங்கினார். முகம் கோணிச்சுது, கண்ணாலை தண்ணி ஓடிச்சுது. மைக்கை மேசையிலை வைச்சிட்டு என்ரை காதுக்குக் கிட்ட வந்தார்.

"டேய், இந்தச் சனியனையே எனக்காக மூண்டு வருசம் குடிச்சனீ?"