தங்கை கொடுத்தது

தங்கையின் மலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

கடலூரில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் பல வருடமாக நிற்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தங்கை கல்யாணமாகிச் சிதம்பரம் போனவள். மாதத்துக்கு ஒரு முறை வந்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் விட்டு விட்டு வந்தன. கடைசியில் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிவில் எந்த மருந்தும் கேட்காது என்றிருந்தது. கிருமி குடலிலேயே குடியேறிவிட்டதாம். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்தம் செய்து, குழாய் வழியாக அம்மாவின் குடலில் விட்டால், அதிலுள்ள நல்ல கிருமிகள் பெருகிக் கெட்டதை ஓரங்கட்டலாம் என்றார் டாக்டரம்மா. "இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. கண்டிப்பா கேக்கும்னு சொல்ல மாட்டேன்."

"என்னோடத எடுத்துக்குங்க மேடம்," என்றேன், முந்திக்கொண்டு.

"கடைசியா எப்பம்மா ஆன்டிபயாடிக் சாப்ட்டீங்க?"

"போன வாரம். தொண்ட கரகரன்னு இருந்துச்சு. ரெண்டு போட்டேன், சரியாப் போச்சு."

"ஆறு மாசமாவது போடாம இருந்திருக்கணும், அது நல்ல கிருமியையும் கொன்னுடும். அம்மாவுக்கும் இப்பிடித்தான் அரைகுறையாக் குடுப்பீங்களா? அதுலதான் கிருமி மருந்துக்குப் பழகிடுது."

உடம்பு லேசாகச் சுட்டாலே அட்டையிலிருந்து இரண்டு மூன்று மாத்திரை வெட்டி அம்மாவுக்குக் கொண்டுபோனவள் நான். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவேன். கடைக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன். அதைத்தான் கவனிப்பு என்று நினைத்திருந்தேன்.

தங்கையை வரச்சொன்னார்கள். சின்ன வயதில் அவள் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் தோட்டத்தில் துப்புவாள். நான் காட்டிக்கொடுப்பேன், அவள் அடி வாங்குவாள். இன்றைக்கும் காய்ச்சலென்றால் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவள். ரத்தம், மலம் எல்லாம் சோதித்துவிட்டு, இவளே போதும் என்றார்கள்.

"எனக்குக் கூச்சமா இருக்குக்கா," என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அம்மா தேறிவிட்டாள். காய்ச்சல் திரும்ப வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் யாரைப் பார்த்தாலும், "சின்னவ இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்," என்பாள். பக்கத்தில் அம்மாவின் குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நானும் மாத்திரையைத் தொடவில்லை. தொண்டை கட்டினால் வெந்நீர்தான். ஒவ்வொரு மாதமும் முடிய முடிய காலண்டரில் ஒரு கோடு போட்டேன். போன வாரம் ஆறாவது கோடு போடும்போது தங்கை பார்த்துவிட்டாள்.

"எதுக்குக்கா இது?"

"ஆறு மாசம் ஆயிடுச்சு. இனிமே என்னோடதையும் எடுத்துக்குவாங்க. மறுபடி வந்துச்சுன்னா..."

"யாருக்கு வந்துச்சுன்னா?"

பக்கத்து அறையில் அம்மா டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு மாதமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.