பந்தலில் கட்டிய ஃபைபர்

செம்பா, கண்ணாடியா என்று நானும் என் கூட்டாளியும் ஒரு ஆனி மாதம் முழுக்கச் சண்டை போட்டோம். செம்பு என்றால் செப்புக் கம்பி வைத்த கேபிள், கண்ணாடி என்றால் ஃபைபர். இப்போது கடையில் கேபிள் வாங்கும்போது நான் கேட்பதுதான் முடிவு. மறுத்துப் பேச ஆள் இல்லை. அப்படி வாங்குவதில் ஒரு சுகமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடை கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா மாட்டுவது, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, பள்ளிக்கூடங்களுக்கு நெட்வொர்க் இழுப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அவன் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, நான் ஓடைப்பட்டித் திராட்சைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கம் இந்த இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் மாமன், மாப்பிள்ளை என்று அழைத்துக்கொள்வது வழக்கம். பாலிடெக்னிக்கில் முதல் நாள் பெஞ்சில் இடம் கேட்டபோது ஆரம்பித்த ‘மாப்ள’ எங்களுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வருஷம் அவனுக்கு வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்தது. அவன் அக்காவைக் கட்டிய மச்சான் அங்கே ஒரு டேட்டா சென்டரில் இருந்தார். இவனுக்கும் அங்கேயே இடம் இருக்கிறது, உடனே பதில் சொல் என்று விடாமல் நச்சரித்தார். இவனோ இழுத்துக்கொண்டே போனான். ஊரை விட்டுப் போக அவனுக்கு மனசு இல்லை. ஆனால் கேமரா மாட்டியே இரண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது.

ஊருக்கு வெளியே ஒரு டாக்டரம்மா நடத்தும் ஆஸ்பத்திரி அது. ரோட்டோரம் பழைய கட்டடம், பின்னால் தள்ளிப் புதிதாகக் கட்டிய ஸ்கேன் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் குடும்பத்துப் பன்னீர் திராட்சைப் பந்தல். அதை எடுக்க டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. ஸ்கேன் படங்களெல்லாம் பின்கட்டடத்து சர்வரில் கிடக்கும், டாக்டரம்மா முன்கட்டடத்தில் இருந்துகொண்டு அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

“ஒரு படம் தொறக்குறதுக்குள்ள நோயாளி டீக்கடைக்குப் போயிட்டு வந்துர்றாக. மழை வந்தா அந்தப் படமும் வர்றதில்ல” என்றார் டாக்டரம்மா.

முன்னால் வந்த வெளியூர் ஆள் ஒருவர் பந்தல் கம்பியோடு கம்பியாகச் செப்புக் கேபிளைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு ஐப்பசிக்கும் இடி இறங்கும், இரண்டு முனையிலும் கேபிள்களைச் சேர்த்துவைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் கருகும்.

“இந்த ஐப்பசிய இது தாண்டட்டும். மத்த வேலையப் பத்தி அப்புறம் பேசுவோம்” என்றார். எங்களுக்கு அது போதும். ஆஸ்பத்திரியை மாசாமாசம் பராமரிக்கும் வேலை கையில் வந்துவிட்டால் அவன் எதற்கு ஊரை விட்டுப் போகப் போகிறான்? மச்சானுக்குப் போன் போட்டு, மழை முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டான்.

பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. நான் செம்புக் கட்சி. பழகின சாமான், முனை அடிக்கிற கருவி கைவசம் இருக்கிறது, பந்தலுக்குக் குறுக்கே போனால் செம்பு தாங்குகிற நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும், முன்னைவிட நல்ல கேபிளாகப் போட்டால் பத்து மடங்கு வேகமும் கிடைக்கும் என்று அடுக்கினேன்.

“ஏலே, இடி எது வழியாடா உள்ள வந்துச்சு?” என்றான்.

“கம்பி வழியா.”

“கண்ணாடில கரண்ட் ஏறுமா?”

செம்புக் கட்சி அதோடு கலைந்தது. ஃபைபரிலும் கிட்டத்து ஓட்டத்துக்கு ஒரு வகை, தொலைதூர ஓட்டத்துக்கு ஒரு வகை உண்டு. பந்தலைத் தாண்டக் கிட்டத்து வகையே ஏராளம் என்றேன். அவன் அதற்கும் ஒப்பவில்லை. “தூரத்து வகையப் போட்டுட்டா பின்னாடி எம்புட்டு வேகம் கேட்டாலும் ரெண்டு முனைய மட்டும் மாத்துனாப் போதும் மாப்ள. மண்ணுக்குள்ள இருக்கறதத் தொடவே வேணாம்” என்றான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை என்று அவன் வீட்டில் போய்ச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் மனைவியைத் தவிர.

ஸ்விட்ச் வாங்கியது இன்னொரு கூத்து. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி கழித்துப் போட்ட ஸ்விட்ச் ஒன்றை நான் ஆசைப்பட்டு வரவழைத்தேன். கடையில் வைத்து ஆன் செய்ததும் அரவை மில் ஓடுகிற மாதிரி ஃபேன் இரைந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். சர்வரையும் ஸ்விட்சையும் அடுக்குகிற ரேக் வைக்கப்போகிற அறைக்குச் சுவர் ஒட்டி பிரசவ வார்டு. பிறக்கிற பிள்ளை பயந்து திரும்ப உள்ளே போய்விடும் என்று அவன் கேலி செய்தான். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேபிள் செருகும் வேகமான துளைகள் நான்கே நான்கு உள்ள, சத்தம் போடாத சின்ன ஸ்விட்ச் இரண்டு வாங்கினோம்.

யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாக, ஃபைபரைச் செருகும் சின்ன மாட்யூலை மட்டும் வேறு கம்பெனியில் மலிவாக வாங்கினேன். ஸ்விட்ச் அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை, விளக்குகூட எரியவில்லை. “சொந்தச் சாதிக்குள்ளதான் சம்பந்தம் பண்ணுவேங்குதுடா. நம்ம ஊருக்குத் தோதான சாமான்தான்” என்றான். மாட்யூலை மாற்றி வாங்கும் வரை இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ரேக்குக்குள்ளே சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் ஒரு முழ தூரம்தான். அதற்கு இரண்டு முனையிலும் தலை பொருத்தியே வருகிற தடித்த செப்புக் கேபிளை எடுத்தான்.

“அங்கன கண்ணாடி, இங்கன மட்டும் செம்பா? என்னடா நியாயம்?” என்று கேட்டேன்.

“ரேக்குக்குள்ள இடி விழுமாடா? சூடும் ஆகாது, மக்கரும் பண்ணாது. போடுறா” என்றான். அந்த ஒரு முழத்தில் என் மானம் பிழைத்தது.

ஃபைபரைப் பந்தலில் கட்டக் கூடாது, பந்தலைச் சுற்றிப் பின்கட்டடத்துக்குப் போகிற வண்டிப் பாதையோரமாகக் குழி தோண்டிப் பைப்புக்குள் போட வேண்டும் என்பதுதான் திட்டம். குழி தோண்டுகிற மெஷின் கூடலூர்ப் பக்கம் வேறு வேலையில் மாட்டிக்கொண்டது. டாக்டரம்மா வேகத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிடத் துடித்தார். எங்களுக்கும் பொறுமை இல்லை. மெஷின் வருகிற வரைக்கும் தானே என்று ஃபைபரைப் பந்தலுக்கு அடியில் இழுத்தோம். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், எங்களுக்கு நன்றாகவே நுழைந்தது. பிறந்ததிலிருந்து திராட்சைக் கொடி கட்டிய கை ஆயிற்றே. மொட்டு நசுங்காமல் கொடியைக் கட்டுகிற மாதிரியே சணலில் எட்டுப் போட்டு, கம்பிக்குக் கம்பி இளக்கமாகக் கட்டினேன். தொங்கலும் இல்லை, இறுக்கமும் இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்த அவன், “கேபிளே தெரியலடா” என்று மெச்சினான்.

முதல் படத்தை டாக்டரம்மா தொட்டதும் திறந்தது. மறுபடி மூடித் திறந்து பார்த்தார். நர்ஸுகளைக் கூப்பிட்டுக் காட்டினார். முதுகெலும்பு, மூட்டு, ஈரல் என்று வரிசையாக வந்து விழுந்ததை நாங்கள் சினிமா பார்க்கிற மாதிரி நின்று பார்த்தோம். வேலையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதன் பிறகு வந்ததில்லை.

இரண்டொரு நாளில் லிங்க் செத்துவிட்டது என்று போன் வந்தது. ஓடினோம். பந்தல் மொட்டையாக இருந்தது. அன்றைக்குக் கவாத்து, கொடிகளை ஒட்ட வெட்டிவிடும் நாள்! ஆஸ்பத்திரியில் ஒருவர் விடாமல் கேபிளைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தோம், தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கவாத்து நாளில் பந்தலில் கட்டியிருப்பதெல்லாம் கத்தரிக்குச் சொந்தம் என்பது எங்கள் ஊர்ப் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பந்தலுக்கு அடியில் வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை. வெட்டிக் குவித்த கொடிக் குப்பையில் எங்கள் ஃபைபரும் துண்டு துண்டாகக் கிடந்தது.

கவாத்துக்காரப் பெரியவர் ஒரு துண்டைக் கையில் எடுத்து வந்தார். “கொடி மாதிரி கட்டியிருந்தா கொடின்னுதான தம்பி வெட்டுவோம்? வெட்டயில கத்தரி கரகரன்னுச்சு, பழங்கொடி போலன்னு நெனச்சேன். ஆனாலும் இம்புட்டு நேர்த்தியா எவன் கட்டுனான்?”

அவன் பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் முறைத்தேன். சிரித்து முடித்துவிட்டு, “குழி தோண்டுற மெஷினுக்கு இனிமே காத்திருக்க வேணாம் மாப்ள” என்று மண்வெட்டி கேட்டு வாங்கினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஐப்பசியில் இப்படி நடந்திருந்தால் எங்கள் பிழைப்பே போயிருக்கும்.

கூலிக்கு ஆள் வைத்து, கூடவே நாங்களும் இறங்கி, பாதையோரமாகத் தோண்டினோம். புது ஃபைபரைப் பைப்புக்குள் இழுத்து, முனைகளை ஒட்டுகிற மெஷினைத் தேனியிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து ஒட்டினோம். வெயிலில் அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்து, பைப் எங்கும் வளைந்து மடங்காமல் கையால் தடவித் தடவிப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. “போட்டா நம்ம காலத்துக்கும் இது கெடக்கணும்டா” என்றான்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் மேகமலைப் பக்கமிருந்து இடி இறங்கியபோதெல்லாம் சுருளி வேலப்பருக்கு வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்கும் உத்தமபாளையத்திலிருந்து போன் வரும்.

“கூப்பிட்டாகளா?”

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று வைத்துவிடுவான்.

ஊரில் ட்ரான்ஸ்பார்மர் வெடித்தது, கேபிள் டிவி போயிற்று, எங்கள் கடை மோடம்கூடக் கருகியது. ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் போன் வரவில்லை.

மழை ஓய்ந்ததும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம். டாக்டரம்மா எங்களுக்குக் காபி சொன்னார். இந்த மழையில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்று வாய் நிறையப் பாராட்டினார். மாசாமாசம் வந்து பராமரிக்கிற வேலையைப் பற்றி நான் மெல்ல எடுத்தேன்.

டாக்டரம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “எதுவுமே கெடலையேப்பா. மாசாமாசம் வந்து என்னத்தப் பாப்பீக? ஏதாச்சும்னா நானே உங்களத்தான கூப்பிடப் போறேன்.”

அதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? காபியைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். பைக்கை எடுக்கும் முன் அவன் குழி மூடிய மண்ணைச் செருப்பால் அழுத்திப் பார்த்தான். ஒரேயொரு ஸ்விட்ச் கருகித் தொலைந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“வர்றேன்னு மச்சானுக்குச் சொல்லிர்றேன்டா” என்றான்.

“இன்னும் ஒரே ஒரு மழை பாப்போம் மாப்ள. அடுத்த வருசம் என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போ.”

என்னைத் திரும்பிப் பார்த்தான். “அதுக்கும் ஒண்ணும் ஆகாதுடா. நாம போட்டதாச்சே” என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.