சின்ன மாப்பிள்ளையின் மூடிய ஜன்னல்

மார்ச் 11 — 300
மார்ச் 19 — 300
ஏப்ரல் 2 — 1,150
ஏப்ரல் 8 — 300

அந்த ஆண்டு பெரிய மாப்பிள்ளையின் சம்பளத்தில் பிடித்த தொகைகள் இவை. முந்நூறு என்பது பஸ் டெப்போவுக்குத் தாமதமாக வந்ததற்கு. பெரிய தொகை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது விளக்கைத் தூணில் இடித்ததற்கு. மற்ற மாதங்களில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழாது. மரங்கள் பூக்கிற காலம் வந்துவிட்டால் போதும், மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

அது போதாதென்று சின்ன மாப்பிள்ளை வேறு. இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். பெரியவர் கட்டியது அக்காவை, சின்னவர் கட்டியது தங்கையை. சின்னவரை அதே டெப்போவில் ஓட்டுநராகச் சேர்த்துவிட்டதே பெரியவர்தான். இப்போது பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாக, விண்ணப்பித்தவர்களும் இவர்கள் இரண்டு பேர்தான். புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. விடியற்காலை ஷிப்ட் கிடையாது. ஏப்ரல் 25 அன்று அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

சின்னவர் செய்வது ஒவ்வொன்றும் பெரியவரின் கண்ணை உறுத்தியது. எல்லா ஓட்டுநர்களும் காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டும்போது, அவர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கைப் பக்கத்து ஏசியைப் போட்டுக்கொள்வார். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. வேலை முடிந்ததும் டெப்போவிலேயே தலைக்குக் குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.

"மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புற மாதிரியில்ல கிளம்புறான்" என்பார் பெரியவர், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி.

"உனக்கு ஏன்யா எரியுது? நீயும் குளியேன்" என்பார் டிக்கெட் பரிசோதகர்.

எரியாமல் என்ன செய்யும்? மாமியார்கூட, "சின்னவர் முகத்தில எப்பவும் ஒரு தெளிவு" என்று சொல்லிவிட்டார், பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியவரின் வழித்தடம் இருபுறமும் மரம் நிற்கிற நீண்ட சாலை. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் ஜன்னலை முழுக்கத் திறந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுப்பார். காலையில் வண்டி எடுக்கும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவான சளி மாத்திரை ஒன்றை விழுங்குவார். மாத்திரை போட்டும் காற்று வாங்கியும் இப்படித் தள்ளாடுகிறோமே, அவன் மட்டும் எப்படிப் பூவாட்டம் வந்து இறங்குகிறான்? ரகசியமாக ஏதோ டானிக் குடிக்கிறான் என்று முடிவு கட்டினார்.

"நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்தீங்க. இப்பவும் கொட்டாவி விடுறீங்களே" என்றாள் மனைவி.

"படுத்தா தூங்கினதா ஆயிடுமா?"

"வாயத் திறந்துக்கிட்டு நீங்க விட்ட குறட்டையில எனக்குத்தான் தூக்கமில்ல. டாக்டரப் பாருங்க. இல்லன்னா நான் தங்கச்சி வீட்டுல போய்ப் படுத்துக்கிறேன்."

தங்கச்சி வீடு என்றதும் அவர் மறுநாளே டாக்டரிடம் போய்விட்டார்.

டாக்டர் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சொன்னார்:

"உங்களுக்கு மகரந்தம் ஒத்துக்கல. உடம்பு அந்தத் தூளை எதிரின்னு நினைச்சு நாள் முழுக்கச் சண்டை போடுது. சண்டை போட்டா அசதி வராதா? மூக்கு அடைச்சிருக்கிறதால ராத்திரித் தூக்கமும் அரைகுறை. அதுக்கு மேல நீங்க போடுறது தூங்க வைக்கிற மாத்திரை. அதப் போட்டுக்கிட்டா பஸ் ஓட்டுறீங்க?"

பெரியவர் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"மொதல்ல அத நிறுத்துங்க. தூக்கம் வராத மாத்திரை இருக்கு, எழுதித் தரேன். மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயை தினமும் அடிக்கணும். முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம்கூட ஆகும். அடுத்த வருஷம் பூக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருங்க. கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில மருந்துக்கடை உப்புப் பொடியக் கரைச்சு மூக்கக் கழுவுங்க. வண்டி ஜன்னல மூடிவைங்க. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி போடுங்க. வேலை முடிஞ்சதும் தலைக்குக் குளிச்சு உடுப்ப மாத்துங்க. இல்லன்னா மகரந்தம் உங்க கூடவே தலையணைக்கு வரும்."

டாக்டர் சொல்லச் சொல்லப் பெரியவரின் முகம் கடுத்தது. ஜன்னல், கண்ணாடி, குளியல். இது வைத்தியமா, அவன் வரலாறா?

நேரே டெப்போவுக்குப் போனார். சின்னவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கும் இந்தப் பூத்தூள் வியாதி இருக்கா?"

"இருக்கே அண்ணே. சின்ன வயசிலேருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல? பயிற்சியாளர் இடம் கைவிட்டுப் போயிருமேன்னா?"

"சேர்ந்த வருஷமே சொன்னேனே. உங்களுக்கும் அதுவாத்தான் இருக்கும், டாக்டரப் பாருங்கன்னேன். 'பூவப் பாத்துப் பயப்படுற ஆம்பளையா நீ'ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. அப்புறம் நான் எங்க வாயத் திறக்க?"

சொன்னது பெரியவருக்கு நினைவு வந்தது. அன்று எல்லாரும் தன்னோடு சேர்ந்து சிரித்ததும் வந்தது. திரும்பி நடந்தார். அவன் சொன்னது சரி என்பதைவிட, அவன் கோபப்படாமல் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 25-க்குள் மருந்து முழுப் பலன் தராது. பழைய மாத்திரையை நிறுத்திய பிறகும் அசதி மிச்சமிருந்தது. சமாளித்து ஓட்டிக் காட்டிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. நாம் விலகியதால்தான் அவன் ஜெயித்தான் என்று இருக்கக்கூடாது என்றது அதே மனம். ஆனால் அன்று வண்டியில் பயிற்சிக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தூண் பேசாமல் இருந்தது, ஆட்கள் அப்படி இருக்க முடியாது. 24 அன்று மேலாளரிடம் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். உடம்பு தேறும்வரை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைக்கவும் கேட்டுக்கொண்டார்.

இடம் சின்னவருக்குப் போனது. மாமியார் வீட்டில் விருந்து. பெரியவர் வாழ்த்திவிட்டு, "நான் விட்டுக் கொடுத்தேன்" என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொன்னார்.

மே மாதம் மறுபடி வண்டியைத் தொட்டார். ஜன்னலை மூடினார், கறுப்புக் கண்ணாடி வாங்கினார். சின்னவருடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக. டெப்போ குளியலறையில் டிக்கெட் பரிசோதகர் அவரைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேட்டார். பெரியவர் காதில் விழாததுபோல் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மறு ஆண்டு பிப்ரவரியிலேயே ஸ்ப்ரேயைத் தொடங்கினார். மரங்கள் பூத்தன. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. காலையில் தானாகவே கண் திறந்தது. அந்தச் சந்தோஷத்தை மனைவியிடம் சொன்னவர், "அவன் இத்தனை வருஷமா இப்படித்தான் எழுந்திருச்சிருக்கான் பாரு" என்று உடனே பெருமூச்சு விட்டார்.

இரண்டாவது பயிற்சியாளர் இடம் வந்தபோது, மரங்கள் நன்றாகப் பூத்திருந்த ஒரு காலையில் ஓட்டிக் காட்டினார். வேலை உத்தரவு தபாலில் வந்தது. இரண்டு தடவை படித்தார்.

"அவனோடதுல மேலாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். இதுல யாரோ அவருக்காகப் போட்டிருக்காங்க."

"கையெழுத்துக்கா சம்பளம் குடுக்கிறாங்க? வந்த தேதியக் குறிச்சு வைங்க" என்றாள் மனைவி.

உறையின் பின்பக்கத்தில் எழுதினார்: ஏப்ரல் 17.