பூஜையில் வைத்த மட்டை

சித்தப்பா வீட்டுக் கராஜில் ஒரு பேஸ்பால் மட்டை இருக்கிறது. நடுவில் நீளமாக விரிசல். விரிசலுக்குள் இறங்கிய சிவப்பு எவ்வளவு துடைத்தும் போகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சித்தி அது குங்குமம் என்பாள். அந்த வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, அதில் ரத்தமும் இருப்பது தெரியும்.

அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட்டில் குடியேறிய நாளிலிருந்து சித்தப்பாவுக்கு அந்த ஊர் பேஸ்பால் அணி என்றால் உயிர். எதிர்வீட்டு அங்கிளுக்கும் அப்படித்தான். இருவரும் ஒரே காரில் மேட்சுக்குப் போவார்கள். பார்க்கிங் லாட்டில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களுக்குப் புளியோதரையை ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள், தோற்றால் ஒன்றாகத் திட்டிக்கொண்டே திரும்புவார்கள். இரண்டு வீட்டு ஆயுத பூஜையும் எங்கள் கராஜில்தான். கார், லேப்டாப், ஸ்க்ரூடிரைவரோடு ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட இந்த மட்டைக்கும் பொட்டு உண்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பதில் சித்தப்பா படு கறார். ஆபீஸிலிருந்து அவசரமாக அழைத்தபோதுகூட என் லேப்டாப்பை எடுக்கவிடவில்லை.

அணியின் முதலாளி அதை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோன வருடம், சித்தப்பா தன் தொப்பி, சட்டை எல்லாவற்றையும் கிரில் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். மட்டையை எரிக்க மட்டும் மனம் வரவில்லை. அந்த ஆயுத பூஜையன்று கற்பூரம் காட்டி முடித்ததும் அங்கிள் வந்தார். தலையில் புது ஊர்ப் பெயர் போட்ட தொப்பி. அதைக் கழற்றி மட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். சித்தப்பா எடுக்கச் சொன்னார். அங்கிள் சிரித்தார்.

"எங்க போனாலும் அது என் டீம்தான். நீ மெட்ராஸை விட்டு வந்தப்போ, உங்கம்மா நீ புள்ளையே இல்லன்னுட்டாங்களா?"

அம்மா இறந்தபோதுகூட விசா சிக்கலில் ஊருக்குப் போகமுடியாதவர் சித்தப்பா. அங்கிளுக்கும் அது தெரியும்.

சித்தப்பா மட்டையைத் தூக்கிவிட்டார். முதல் அடி, சந்தனம் வைத்திருந்த அங்கிள் கார் கண்ணாடியில். அடுத்தது தடுக்க வந்த கையில். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் மேல் ரத்தம் சொட்டியது. மூன்றாவது அடி தரையில் விழுந்து மட்டை பிளந்தது.

"பூஜையில வெச்சதை எடுத்துட்டீங்களே" என்று சித்தி அலறினாள். மனிதன் கை தொங்கிக்கொண்டிருக்கிறது, இவளுக்குப் பூஜை. எனக்குச் சித்தப்பா, சித்தி இரண்டு பேர் மேலும் வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கேஸ் ஆகியிருந்தால் சித்தப்பாவின் கிரீன் கார்டு போயிருக்கும். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் கேட்டபோது, பூசணிக்காய் உடைக்கையில் வழுக்கி விழுந்ததாக அங்கிள் சொல்லிவிட்டார். பிறகு வேறு மாநிலத்து ஃபிரிஸ்கோவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். அணியைத் துரோகிக் கூட்டம் என்று திட்டிக்கொண்டே சித்தப்பா பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். விரிசல் விட்ட மட்டைக்குப் பக்கத்தில், அன்று அங்கிள் விட்டுப்போன தொப்பி. அதற்கும் வைத்தார். இவ்வளவு திட்டிவிட்டு அந்த டீம் தொப்பிக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டேன்.

"அது டீமோடதா? அவனோடது."

மறுநாள் காலைவரை அதை யாரையும் தொடவிடவில்லை.