ஆளுக்கு ஆறு சூரா

எனக்கு எதிலும் அவசரம். சிகாமட் கடைத்தெருவில் என் மளிகைக் கடைக்கு வருகிறவர் வாயைத் திறக்குமுன்பே பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவேன்.

ஊரில் உம்மா மவுத்தான செய்தி கடிதத்தில் வந்தது. கப்பலேறிப் போனாலும் முகம் பார்க்க முடியாது. நாற்பதாம் நாளன்று, நண்பகல் லுஹர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் இடையில், முழுக் குர்ஆனையும் ஓதி முடித்து உம்மா பேருக்குத் துஆ கேட்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஓதுவதற்கு என்னோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். வழக்கமான ஜுஸு கணக்கில் குர்ஆன் சம அளவான முப்பது பாகம். அது பத்தொன்பதுக்கு ஒத்துவரவில்லை. அத்தியாயங்களான சூராக்களோ நூற்றுப் பதினான்கு. ஆளுக்கு ஆறு! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மூத்தவர் என்ற மரியாதைக்கு முதல் ஆறைக் கூலாயிலிருந்து ரயிலில் வந்த அண்ணனுக்குக் கொடுத்தேன். சாப்பாட்டு வேலை இருக்கிறதென்று கடைசி ஆறை நான் எடுத்துக்கொண்டேன்.

நீண்ட சூராக்கள் முன்னால், சின்னஞ்சிறியவை கடைசியில் என்பது எனக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டேன். என் ஆறும் மனப்பாடம்; உலை கொதிப்பதற்குள் முடிந்துவிட்டன. அதன்பின் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பிற்பகல் அஸரும் தொழுதாயிற்று. ஒவ்வொருவராகக் குர்ஆனை மூடினார்கள். அண்ணன் மட்டும் தலை நிமிரவில்லை.

எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "என்னண்ணே, ஆறு சூராவுக்கு இவ்வளவு நேரமா? மஃரிபுக்கு முந்தி முடியணும்லா!"

நாலாவது சூராவில் விரலை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்கு வந்தது கால்வாசிக் குர்ஆன், தம்பி. நீ குடுத்தப்பவே தெரியும். உம்மாவுக்குத்தானேன்னு வாங்கிக்கிட்டேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓதி முடித்தவர்கள் அண்ணனைச் சூழ்ந்து உட்கார்ந்து, மீதியை ஆளுக்குச் சில பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஒரு பங்கு குடுங்கண்ணே."

"மிச்சம் இல்லியே தம்பி," என்றார். கோபமே இல்லை அவர் குரலில். "நீ போயி சோத்தப் பாரு."

முழுக் குர்ஆன் கத்தம் நேரத்துக்கு முடிந்தது. துஆவுக்கு எல்லோரோடும் கையேந்தினேன். என்னைப் பெற்றவளுக்கு நான் ஓதியது ஐந்து நிமிஷம்.